கறையும் துருவும்

பழைய பொருளைப் புதுப்பிப்பது புண்ணியமா, பாவமா? கோயில் திருப்பணியைப் பற்றிப் பெரியவர்கள் இந்தக் கேள்வியை நெடுநாளாகக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசுகிறவரும் பக்தியோடுதான் பூசுகிறார். அவ்வளவு பெரிய விஷயத்துக்குள் நுழைய எனக்குத் துணிவில்லை. ஒரு கத்தியையும் ஒரு முள்கரண்டியையும் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்.

இரண்டும் உதகையில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தன. பட்டுத் துணி விரித்த பெட்டி. அதிலே நீண்ட கத்தி ஒன்று, இரண்டே முள் உள்ள பெரிய கரண்டி ஒன்று, கத்தி தீட்டும் கம்பி ஒன்று. ஆங்கிலேயர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் குடும்பத் தலைவர் மேஜைத் தலைமாட்டில் நின்று, வாட்டிய இறைச்சியை முள்ளால் அழுத்திப் பிடித்து, கத்தியால் மெல்லிய துண்டுகளாக அரிந்து எல்லோருக்கும் வைப்பார். கத்தி வழுக்கிக் கையில் பட்டுவிடாமல் இருக்க, முள்கரண்டியின் கழுத்தில் மடக்கி நிமிர்த்தும் சிறு காப்பு ஒன்று உண்டு.

“இதை வெச்சுக்கிட்டு என்ன சார் செய்யப் போறீங்க?” என்று கடைக்காரரே கேட்டார்.

“பூசணிக்காய் நறுக்கலாம்” என்றேன். அவர் சிரித்துவிட்டு விலையைக் குறைத்தார்.

கத்தியில் ஷெபீல்டு என்று ஊர்ப் பெயர் குத்தியிருந்தது. எவர்சில்வர் என்று நாம் சொல்கிறோமே, அந்தத் துருப்பிடிக்காத எஃகை அதே ஊரில் ஹாரி பிரியர்லி உருக்கியது 1913-இல். இதுவோ துருப்பிடிக்கிற பழைய ஜாதி எஃகு. பிடி இரண்டும் மான்கொம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் காட்டுக் கடமான் கொம்புகள் கப்பலேறி அந்த ஊருக்குப் போய்க் கத்திப் பிடியாயின.

துருவை எடுக்க உட்கார்ந்தேன். கொம்புப் பிடியை வெந்நீரில் நனைக்கக் கூடாது. உள்ளே கத்தியின் காம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய குங்கிலியப் பசை இளகிவிடும். ஆகவே அலகை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து, நயமான உப்புத்தாளால் நாலு நாள் மெல்லத் தேய்த்தேன். செம்மண் நிறத் துரு போயிற்று. அடியில் சாம்பலும் கருமையுமாக மேகம் போன்ற கறை நின்றது.

ஓய்வு பெற்ற என்ஜினீயர் நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். “என்ன ஐயா, பாதியிலே விட்டுவிட்டீர்? பட்டறையிலே கொடுத்தால் அரை மணியில் முகம் பார்க்கிற மாதிரி செய்து தருவான்” என்றார்.

“முத்திரை அழிந்துவிடுமே!”

“அழிந்தால் என்ன? கத்திக்கு வேண்டியது கூர், ஜாதகம் அல்ல.”

நல்ல வாதம்தான். ஆனால் துருவுக்கும் கறைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. துரு பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது எஃகைத் தின்னத் தொடங்கும். கறை அப்படியன்று. மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, அடியில் உள்ளதை ஓரளவு காக்கவும் செய்கிறது. முன்னது நோய், பின்னது வயது. நோயைத் தீர்ப்பது கடமை. வயதைச் சுரண்டி எடுப்பது கடமையாகுமா? மனிதருக்குள்ளும் இப்படித்தான். சில நினைவுகள் நம்மை அரிக்கின்றன, சில வெறும் அடையாளமாக நிற்கின்றன. இரண்டையும் ஒரே தாளால் தேய்க்கிறவர்கள் கடைசியில் தம் பெயரையே தேய்த்துவிடுகிறார்கள்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் வேறாகிறது. 1845-இல் ஏங்கல்ஸ் வெளியிட்ட நூலில், ஷெபீல்டு வைத்தியர் நைட் என்பவர் கண்டு சொன்ன செய்தி இருக்கிறது. அன்று அந்த ஊரில் சாணை பிடிப்பவர்கள் சுமார் 2,500 பேர். முள்கரண்டிக்குச் சாணை பிடித்தவர்கள் சுமார் 150 பேர். அவர்களில் 70 பேர் சிறுவர்கள். மேஜைக் கத்தியை நீரில் நனைந்து சுழலும் கல்லில் பிடிப்பார்கள். முள்கரண்டியை உலர்ந்த கல்லில். கல்தூளும் இரும்புத்தூளும் நேரே நெஞ்சுக்குள் போகும். கத்திக்காரர்கள் 40-க்கும் 50-க்கும் இடையே செத்தார்கள். முள்கரண்டிக்காரர்கள் 28-க்கும் 32-க்கும் இடையே!

என் பெட்டி அந்த வைத்தியரின் காலத்துக்குப் பிந்தியது. ஆயினும் அந்த ஊர் இந்த வழியில் பேர் வாங்கியதுதான். ஒரே பட்டு மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு சாமான்களுக்கு நடுவே பத்து, இருபது வருஷ மனித ஆயுள் இடைவெளியாகக் கிடந்தது. கையைக் காக்க முள்கரண்டிக்குக் காப்பு வைத்தவர்கள், அதைத் தீட்டியவன் நெஞ்சுக்கு எதை வைத்தார்கள்?

அந்த வைத்தியர் இன்னொன்றும் சொன்னார். சாணைக்காரர்களில் அதிகமாகக் குடித்தவனே அதிக நாள் இருந்தானாம். காரணம், அவன்தான் அடிக்கடி வேலைக்கு வராதவன்! தூசியைத் தடுக்கும் உபாயங்கள் வந்தபோது தொழிலாளரே எதிர்த்தார்கள். ஆபத்து குறைந்தால் புது ஆட்கள் வந்து சேருவார்கள், கூலி இறங்கும் என்ற பயம். சாவையே வேலி போட்டுக்கொண்டு பிழைத்தவர்களை நாம் எந்த நீதி நூலை வைத்து எடைபோடுவது?

பழங்கதை என்று தள்ளவும் முடியவில்லை. குஜராத்தில் காம்பத் என்ற ஊரில் அகீக் கல்லை மெருகேற்றுகிறவர்கள் நம் காலத்திலும் அதே தூசி நோயால் நெஞ்சு இறுகிச் சாகிறார்கள். அங்கேயும் வாங்குகிறவர் கேட்பது பளபளப்புத்தான்.

அப்படியானால் அந்தக் கத்தியைக் கிணற்றில் எறிந்துவிடலாமா? எறிந்தால் யாருக்கும் ஒரு மூச்சுக்கூடத் திரும்பி வராது. ஒருவன் உயிரைக் கொடுத்துச் செய்த பொருளைத் துருவுக்குத் தின்னக் கொடுப்பது இரண்டாவது அநியாயம். எடுத்துத் துடைத்து உபயோகிப்பதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கடைசிப் பளபளப்பை மட்டும் நான் கேட்கப் போவதில்லை. நண்பர் அதைச் சோம்பல் என்கிறார். சொல்லட்டும். அதற்கு உரிய விலை ஒருமுறை கொடுக்கப்பட்டாகிவிட்டது, கொடுத்தவர்கள் நாமல்ல.