மிகுதி என்னும் சாக்கு

வீட்டு மூலைகளில் ஒழுங்கற்ற வலை பின்னித் தலைகீழாகத் தொங்கும் நெடுங்கால் சிலந்தி, மனிதக் குடியிருப்புகளை ஒட்டி உலகின் பெரும்பகுதியில் பரவியிருக்கிறது; ஒட்டடை அடிக்கையில் அது செத்தால் எவரும் வருந்துவதில்லை. வட அமெரிக்காவில் வாழ்ந்து அற்றுப்போன பயணிப் புறாவுக்கோ, விஸ்கான்சின் மாநிலத்தில் 1947-இல் நினைவுச்சின்னமே எழுப்பப்பட்டது. அரிதாக இருப்பதுதான் ஓர் உயிருக்கு மதிப்பைத் தருகிறதா என்ற வினா இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணும்போது எழுகிறது.

தனியுயிர் ஒன்று சாகும்போது அதன் வாழ்வு மட்டும் முடிகிறது. இனம் அழியும்போதோ, நெடுங்காலமாகத் தொடர்ந்த மரபுவழியும் இனிப் பிறந்திருக்கக்கூடிய தலைமுறைகள் அனைத்தும் சேர்ந்து முடிகின்றன. அமெரிக்கச் சூழலறவியல் அறிஞர் ஹோம்ஸ் ரோல்ஸ்டன் இதனைக் கொலையினும் மேற்பட்ட கொலையாகக் கருதினார். ஆகவே ஒரு சிலந்தியின் சாவும் ஒரு பறவையினத்தின் அழிவும் சமமல்ல. எனினும், 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிசாலையில் இறந்த மார்த்தா என்னும் கடைசிப் புறா இழந்ததும், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் வேடர் வலையில் சிக்கிய பெயரற்ற புறா இழந்ததும் ஒரே உயிர்தான். அரிதாதல் மனிதரின் துயரத்தைப் பெருக்குகிறது. செத்த உயிருக்கு நேர்ந்த இழப்பை அது பெருக்குவதில்லை.

அந்தப் புறாவும் ஒருகாலத்தில் மலிந்தே கிடந்தது. அதன் தொகை 300 முதல் 500 கோடி வரை இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதைக் காக்கும் சட்டமுன்வரைவு 1857-இல் ஒஹாயோ மாநிலச் செனட்டின் முன் வந்தபோது, இவ்வளவு பெருகும் பறவைக்குப் பாதுகாப்பே தேவையில்லை என்று அதை ஆராய்ந்த குழு தள்ளிவிட்டது. ஈட்டுக்கு ஒரே முட்டையிட்டுப் பெருங்கூட்டமாகவே இனம்பெருக்கிய அப்பறவைகள் கூடு கட்டியிருந்த இடங்களைத் தந்தி வேடர்களுக்கு அறிவித்தது. கொன்று குவித்தவற்றை இரயில் நகரச் சந்தைகளுக்குக் கொண்டு சென்றது. அவை அண்டியிருந்த காடுகளும் வெட்டப்பட்டன. குழு அவ்வாறு கூறி அறுபது ஆண்டுகள் நிறையுமுன் அந்த இனம் இல்லாமற்போயிற்று.

ஒட்டடைக்கோல் சிலந்தியினத்தை அழித்துவிடாது. வீட்டைத் தூய்மை செய்வதும் குற்றமன்று. ஆயினும் முட்டைத்திரளை வாயுறுப்புகளில் கவ்விச் சுமந்து காக்கும் இச்சிலந்திக்கு வலி உண்டா என்பது அறிவியலில் தீராத வினாவாக இருக்கையில், இல்லையென்று துணிந்து நடப்பது முறையாகாது. தேவை கொலைக்குக் காரணமாகலாம். மிகுதி ஒருபோதும் காரணமாகாது. ஒஹாயோ குழு மிகுதியைக் காட்டியே தன் பொறுப்பைக் கைவிட்டது. யாருக்கும் இடையூறின்றி மூலையில் பூச்சிகளைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும் சிலந்தியை, எத்தனையோ இருக்கின்றனவே என்று நசுக்குவது தவறே.