கோணாத கோல்

எமர்ஜென்சியைக் 'கொடுங்கோன்மை' என்று மேடையில் முழங்குகிறோம். சரிதான். ஆனால் இளம்பிள்ளைத் தறிகளைச் சுற்றியுள்ள சேரிகளில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்க ஆயா சொல்வதெல்லாம், "அது ஊருக் கட்டுப்பாடு சாமி, மீறப்படாது."

தமிழ் எம்.ஏ.வில் படித்தது இது: கொடு என்றால் வளைவு. வளைந்தது கொடுங்கோல், நிமிர்ந்தது செங்கோல். குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை. அதாவது ஆட்சி நல்லதுதான், ராசா தவறினால்தான் கொடுமை என்ற நம்பிக்கை சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கோல் வளைந்தது ஒரு வணிகன் மகனுக்காக. சேரிக்காரனுக்கு அநீதி நடந்து எந்த ராசாவின் கோல் வளைந்தது, எந்தக் காப்பியத்தில்? செங்கோன்மை அதிகாரத்திலேயே அந்தணர் நூலுக்கு மன்னன் கோல்தான் ஆதாரம் என்று வருகிறது. அந்த நூல் வேதம் என்கிறார் பரிமேலழகர். அப்படியானால் கோல் நிமிர்ந்து நிற்பதுதானே நமக்கு ஆபத்து?

1995இல் இதே சேலம் மாவட்டத்துக் கட்டிநாயக்கன்பட்டியில், பள்ளிக்கூடத் தண்ணிப் பானையைத் தொட்டதற்காக ஒரு தலித் சிறுமியை வாத்தியார் அடித்தார். பிள்ளைக்கு ஒரு கண்ணே போச்சு. அவர் கையிலிருந்த கோல் வளைந்ததா? ஊர் வழக்கப்படி நேராகத்தான் நின்றது.

அரசியல் கொடுங்கோன்மையைவிடச் சமூகக் கொடுங்கோன்மை பெரிது, அரசை எதிர்ப்பவனைவிடச் சமூகத்தை எதிர்ப்பவனுக்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும் என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்தக் கொடுங்கோன்மைக்குச் சிம்மாசனம் கிடையாது. டீக்கடைக்காரர், வாத்தியார், ஊர்க்கவுண்டர் என்று ஆளுக்கொரு துண்டு கையில் வைத்திருக்கிறார்கள். (வரி கட்டாத ராச்சியம் என்று சொல்ல முடியாது. அடிமாட்டுக் கூலிக்கு உழைத்து நாம்தான் கட்டுகிறோம்.) அதனால் 1989ஆம் வருசச் சட்டத்தின் பெயரிலுள்ள 'வன்கொடுமை'தான் எனக்கு உவப்பான சொல். அதில் கோலும் இல்லை, ராசாவும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் இன்னமும் அதை "பி.சி.ஆர். கேசு" என்று முகம் சுளித்துச் சொல்வது வேறு விஷயம்.

2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் செங்கோலை வைத்தபோது நம் தமிழாசிரியர்கள் சிலருக்குப் பெருமை பிடிபடவில்லை. அதே வருசம் ஜனவரியில்தான் எங்கள் பக்கத்துத் திருமலைகிரியில், கோயிலுக்குள் போன தலித் இளைஞனை ஊர் கூடி நிற்க ஒருவர் கேவலமாகத் திட்டினார். அவர் ராசா இல்லை. அப்போதைய ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர்.