ஒப்புதல் கேட்கும் விதி: ‘சூப்பர்நேச்சுரல்’ தொலைக்காட்சித் தொடரில் தீர்க்கதரிசனமும் அறப்பொறுப்பும்

முன்னுரை

வருவதை முன்கூட்டியே உரைக்கும் வாக்கு மனிதனின் பொறுப்பைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. நிகழவிருப்பது முன்பே உறுதியாகிவிட்டதெனில் அதை நிகழ்த்துபவனைக் குறைகூற இடமில்லை என்பர் ஒரு சாரார். எது உறுதியாகியிருப்பினும் செய்தவன் கை செய்தவன் கையே என்பர் மற்றொரு சாரார். சமயநூல்களும் துன்பியல் நாடகங்களும் காப்பியங்களும் எடுத்தாண்ட இவ்வினா, அண்மைக் காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களிலும் இடம்பெற்றுள்ளது. அவற்றுள் எரிக் கிரிப்கே உருவாக்கி, 2005 முதல் 2020 வரை 15 பருவங்களாகவும் 327 பகுதிகளாகவும் அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘சூப்பர்நேச்சுரல்’ குறிப்பிடத்தக்கது. வெகுமக்கள் பொழுதுபோக்கு என்ற அளவிலேயே அறியப்பட்ட இத்தொடரில் விதி எவ்வழியில் செயற்படுகிறது, விதியை அறிவிப்போர்க்கும் அதற்கு உடன்படுவோர்க்கும் உரிய பொறுப்பு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரின் கதையமைப்பு

கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் 1983 நவம்பர் 2 அன்று இரவு, ஆறு மாதக் குழந்தையான சாம் வின்செஸ்டரின் தொட்டிலருகே பிசாசு ஒன்று தோன்றுகிறது. தடுக்க வந்த தாய் மேரி இறக்கிறாள். தந்தை ஜான் தன் இரு மக்களையும் பேய்களையும் பிசாசுகளையும் வேட்டையாடுவோராக வளர்க்கிறார். மூத்தவன் டீன், இளையவன் சாம். பழைய கார் ஒன்றில் ஊர் ஊராகச் சென்று அவர்கள் செய்யும் வேட்டையே முதல் மூன்று பருவங்களின் பெரும்பகுதி.

நான்காம் பருவத்தில் (2008–2009) கதை விரிகிறது. விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாடு ஏழு முத்திரைகளைப் பேசும். தொடர் அதனைத் தன் போக்கில் மாற்றி, 66 முத்திரைகள் உடைந்தால் லூசிபர் சிறை நீங்குவான் என அமைத்துக்கொள்கிறது. அவன் வெளிப்பட்டபின் தேவதூதரின் தலைவனான மிகாவேலுக்கும் அவன் இளவலான லூசிபருக்கும் போர் மூளும். மண்ணில் போரிட அவர்களுக்கு மனித உடல் வேண்டும். மிகாவேலுக்கு டீனும் லூசிபருக்குச் சாமும் ‘கலம்’ ஆவர் என்பது தீர்க்கதரிசனம். இவ்வாறு விண்ணுலகத்து உடன்பிறந்தார் பகை மண்ணுலகத்து உடன்பிறந்தார்மேல் சுமத்தப்படுகிறது.

அறியாமை வழியே நிறைவேறும் விதி

முதல் முத்திரையும் இறுதி முத்திரையும் உடையும் முறை கருதத்தக்கது. நீதிமான் ஒருவன் நரகத்தில் குருதி சிந்தச் செய்வதே முதல் முத்திரையின் உடைவு. தம்பியின் உயிருக்கு ஈடாகத் தன் உயிரைப் பிசாசுக்கு ஒப்புக்கொடுத்து நரகம் புகுந்த டீன், அவ்வுலகக் கணக்கில் 30 ஆண்டுகள் வதையுற்றபின் பிற உயிர்களை வதைக்க இணங்குகிறான். அச்செயலே முத்திரையை உடைத்தது என்பதை அவன் பின்னரே அறிகிறான். இறுதி முத்திரையோ லிலித் என்னும் பிசாசின் இறப்பு. உலகைக் காப்பதாக எண்ணி அவளைக் கொல்லும் சாம், அக்கொலையாலேயே லூசிபரை விடுவிக்கிறான்.

தப்பிக்க முயலும் முயற்சியே விதியின் கருவியாவது சோபக்கிளிசின் ஈடிப்பஸ் நாடகத்தில் காணப்படும் பழைய அமைப்பே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஈடிப்பஸ் கதையில் தெய்வவாக்கு மறைக்கப்படவில்லை. தந்தைக்கும் சொல்லப்பட்டது, மகனுக்கும் சொல்லப்பட்டது. இங்கோ உண்மையை அறிந்தோர் அதை மறைக்கின்றனர். சாமின் துணையாக நடிக்கும் ரூபி என்னும் பிசாசு அவனைப் பொய்யால் நடத்துகிறது. தேவதூதரின் மேலோரும் இறுதிப் போரை விரும்பி வாளாவிருக்கின்றனர். எனவே முத்திரை உடைந்ததற்குக் காரணம் விதியன்று, திட்டமிட்ட மறைப்பு என்பதே பொருந்தும். சாமின் சினமும் செருக்கும் அவன் பிழைகள். அவற்றை விதி என்று பெயரிட்டுப் பயன்கொண்டது பிறர் பிழை.

ஒப்புதல் வழியே நிறைவேறும் விதி

தொடரின் தனிச்சிறப்பான கூறு ஒப்புதல் பற்றிய நெறியாகும். பிசாசு மனித உடலில் வலிந்து புகும். தேவதூதனோ உடலுக்குரியவன் இசைந்தாலன்றிப் புகவியலாது. லூசிபரும் தேவதூதனாகப் பிறந்தவனாதலின் இந்நெறிக்குக் கட்டுப்பட்டவனே. ஆகவே உலகின் முடிவு குறித்து எழுதப்பட்ட வாக்கு முழுவதும் இரு மனிதர் ‘ஆம்’ என்னும் ஒரு சொல்லில் தொங்குகிறது.

இதிலிருந்து ஒரு முரண் பிறக்கிறது. உறுதியாகிவிட்ட ஒன்று ஒப்புதலை எதிர்நோக்கி நிற்பதேன்? ஒப்புதலை எதிர்நோக்கி நிற்பது உறுதியானது எனப்படுவதேன்? தேவதூதர் இம்முரணைச் சொல்லால் தீர்க்காமல் வலிமையால் தீர்க்க முனைகின்றனர். சகரியா என்னும் தூதன் டீனுக்குப் புற்றுநோயை வருவிக்கிறான். சாமின் நுரையீரலை அகற்றுகிறான். டீன் மறுத்தால் உலகம் எவ்வாறு அழியும் என்பதைக் காட்டும் எதிர்காலம் ஒன்றினுள் அவனை நிறுத்துகிறான். லூசிபரோ மனைவியையும் குழந்தையையும் இழந்த நிக் என்பவனிடம் இறந்த மனைவியின் உருவில் தோன்றி, அவன் துயரத்தின் வழியே இசைவு பெறுகிறான். ஒப்புதல் என்னும் சொல் நிற்கிறது. அதன் பொருள் அரிக்கப்படுகிறது.

‘ஒப்புவதும் விதியின் பகுதியே; மறுப்பதும் இறுதியில் ஒப்புதலிலேயே முடியும்’ என்பது மிகாவேலின் நிலைப்பாடு. இது தத்துவ உலகிற்குப் புதிதன்று. நோய் நீங்குவது விதியெனில் மருத்துவரை அழைப்பானேன் என்னும் ‘சோம்பல் வாதத்தை’ எதிர்கொண்ட கிரிசிப்பஸ், நோய் நீங்குவதோடு மருத்துவரை அழைப்பதும் சேர்த்தே விதிக்கப்பட்டது என விடையளித்ததாகச் சிசரோ குறிப்பிடுகிறார். மிகாவேல் கூற்று அவ்விடையின் மறுபக்கம். அதனைத் தருக்க அளவில் மறுத்தல் எளிதன்று. ஆனால் அறவியல் அளவில் ஒன்றைச் சுட்டலாம். இறைவனின் முன்னறிவு நிகழ்ச்சிக்குக் காரணமாகாது என ஆறாம் நூற்றாண்டில் போயத்தியஸ் நிறுவ முயன்றார். அவர் பேசியது அறிதலைப் பற்றி. அறிதல் வேறு, அறிவித்தல் வேறு. அறிவித்தல் ஒரு செயல். கேட்பவன் மனத்தை வளைத்துத் தன் கூற்றைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் நோக்கத்தோடு ஒருவன் வருவதுரைப்பானாயின், அவன் காலத்தை அறிந்தவன் என்பதைவிடக் கேட்பவனை ஏவுபவன் என்பதே தகும். அச்செயலுக்குரிய பொறுப்பு அவனைச் சாரும்.

ஊழும் தீர்க்கதரிசனமும்

தமிழ் மரபில் ஊழ் என்பது பேசாத ஆற்றல். திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைக் கூறி அறத்துப்பாலை நிறைவு செய்கிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை தளரா முயற்சி ஊழையும் பின்னிடச் செய்யும் எனக் கூறுகிறது. இவ்விரண்டும் முரணா, நிறைவா என உரைகாரரும் ஆய்வாளரும் வாதிட்டுள்ளனர். எவ்வாறாயினும் குறளின் ஊழ் எவரிடமும் ஒப்புதல் கேட்பதில்லை. எவர் சார்பிலும் வாதிடுவதில்லை.

சிலப்பதிகாரம் இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்கும். கனவும் தீநிமித்தமும் அக்காப்பியத்தில் முன்னரே வருகின்றன. ஆயினும் அவை எவரையும் ஒரு செயலுக்கு ஏவுவதில்லை. கோவலன் முற்பிறப்பில் செய்த வினையை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைப்பது கொலையும் அரசன் இறப்பும் நகரின் எரியும் நிகழ்ந்த பின்னரே. அவ்வுரை துயருற்றவள் பொருட்டுச் சொல்லப்பட்ட விளக்கம். அதனால் பாண்டியன் பிழை நீங்கிவிடவில்லை. தன் தவற்றைத் தானே ஏற்று அவன் உயிர்விட்டபின்பே ஊழ் பேசப்படுகிறது. நிகழ்ந்தபின் உரைக்கப்படும் ஊழ் ஆறுதலாகலாம். நிகழுமுன் ஏவலாக உரைக்கப்படும் விதி பொறுப்பைப் பறிக்கும் கருவியாகலாம்.

நிகழுமுன் உரைத்த நிமித்திகன் ஒருவனும் அக்காப்பியத்தில் உளன். அரசனாகும் பொறி இளையவனிடமே உண்டு என அவன் கூற, மூத்தவனாகிய செங்குட்டுவனின் வருத்தம் நீங்க இளங்கோ துறவு பூண்டான் என்பது வரந்தரு காதை தரும் செய்தி. இங்கும் உடன்பிறந்தார் இருவர். இங்கும் அவர்களைப் பிரிக்கவல்ல ஒரு வாக்கு. இளங்கோ அவ்வாக்கு மெய்யா, பொய்யா என ஆராயவில்லை. நிமித்திகனோடு வாதிடவும் இல்லை. அவ்வாக்கு யாரை வருத்தும் என்பதையே அவன் கருதினான். தீர்க்கதரிசனத்தை எதிர்கொள்பவன் கேட்க வேண்டிய முதல் வினா அதுவே எனக் கருத இடமுண்டு. ‘இது நிகழுமா’ என்னும் வினா அறிவைச் சார்ந்தது. ‘இதனால் யாருக்குத் துன்பம்’ என்னும் வினா அறத்தைச் சார்ந்தது.

மறுப்பின் விலை: ஆதாம்

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கும்போது தொடரின் வெற்றிக் கதையில் ஒரு குறை புலனாகிறது. 2010இல் ஒளிபரப்பான ஐந்தாம் பருவ இறுதிப் பகுதியில், சாம் தானே முன்வந்து லூசிபருக்கு ‘ஆம்’ என்கிறான். உடலைக் கொடுத்து, பின் உள்ளிருந்தே அவனை அடக்கிச் சிறைக்குழியில் வீழ்வதே அவன் நோக்கம். லாரன்ஸ் நகரருகே ஸ்டல் இடுகாட்டில் அண்ணனை அடித்து நொறுக்கும் அவ்வுடல், காரின் சாம்பல் கிண்ணத்தில் சிறுவயதில் திணித்துவைத்த பொம்மைப் படைவீரனைக் காண்கிறது. நினைவு மீள்கிறது, சாம் உடலை மீட்டுக் குழியில் வீழ்கிறான். எழுதப்பட்ட போர் நிகழவில்லை. அன்பு விதியை வென்றது எனப் பார்வையாளர் மகிழ்ந்தனர்.

அக்குழியில் சாம் தனியே வீழவில்லை. டீன் மறுத்தமையால் மிகாவேலின் கலமாக்கப்பட்டவன் ஆதாம். ஜானுக்கு வேறொரு பெண்வழிப் பிறந்த மூன்றாம் மகன். இறந்துபோயிருந்த அவனைத் தேவதூதர் உயிர்ப்பித்து, இறந்த தாயை மீண்டும் காணலாம் என்னும் ஆசை காட்டி அழைத்துவந்தனர். அண்ணன்மார் இருவரும் தப்பும்போது அறையினுள் சிக்கிக்கொண்டவனும் அவனே. தடுக்க வந்த மிகாவேலைச் சாம் பற்றியிழுத்தபோது, ஆதாமின் உடலும் உடன் வீழ்ந்தது. பின்னர், ஆறாம் பருவத்தில், இருவருள் ஒருவரையே மீட்க இயலும் என்று மரணத்தின் உருவாக வருபவன் கூற, டீன் சாமின் ஆன்மாவைத் தேர்கிறான். அதன்பின் ஆதாம் 2019 வரை கதைக்கு வெளியே கிடக்கிறான். பதினைந்தாம் பருவத்தில் அவன் மீண்டபோதே டீன் வருத்தம் தெரிவிக்கிறான்.

விதியை மறுத்தவர்களின் உரிமை, மறுக்க வாய்ப்பற்றவன் தோளில் ஏற்றப்பட்டது என்பதே இதன் பொருள். டீன் மறுத்தது தவறன்று. வலிந்து பெறப்படும் ஒப்புதலை மறுப்பது அவன் உரிமை. சாமின் ஈகமும் மெய்யானதே. ஆயினும் மறுப்பு ஒன்றே அறமாகிவிடுவதில்லை. ஒருவன் விலகிய இடத்தில் வேறொருவன் நிறுத்தப்படுவான் எனில், அவனைப் பற்றிய கவலையும் மறுப்பவனின் கடனாகிறது. இளங்கோவின் துறவில் விலையைத் துறந்தவனே செலுத்தினான். வின்செஸ்டர் உடன்பிறந்தார் மறுப்பில் விலையின் ஒரு பகுதியை ஆதாம் செலுத்தினான். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் இயலாது.

எழுதுபவனே விதியாகும் நிலை

நான்காம் பருவத்தில் எழுத்தாளனாகவும் தீர்க்கதரிசியாகவும் அறிமுகமாகும் சக் ஷர்லி, இவ்வுடன்பிறந்தாரின் வாழ்வையே நாவல்களாக எழுதி வருபவன். பதினொன்றாம் பருவத்தில், 2016இல், அவன் கடவுளே என்பது வெளிப்படுகிறது. இறுதி இரு பருவங்களில், தனக்குச் சுவையான கதை வேண்டியே இவர்களைத் துன்பத்தில் ஆழ்த்தி வந்தான் என்பதும் தெரிகிறது. இதனால் ஐந்தாம் பருவ வெற்றியும் அவன் எழுதிய கதையின் ஒரு திருப்பமே ஆகுமோ என்னும் ஐயம் எழுகிறது. தொடர் இதற்கு முழுமையான விடை தரவில்லை.

எனினும் 2020இல் ஒளிபரப்பான இறுதிப் பகுதிகள் ஒரு திசையைக் காட்டுகின்றன. ஆற்றல் இழந்த சக் கொல்லப்படாமல் சாதாரண மனிதனாக விடப்படுகிறான். அதன்பின், எழுதுவார் எவருமற்ற உலகில், டீன் வழக்கமான வேட்டை ஒன்றில் இரும்புக் கம்பி தைத்து இறக்கிறான். அவ்விறப்பைப் பார்வையாளருள் பலர் ஏற்கவில்லை. ஆனால் எவரும் முன்னுரைக்காத, எவர் திட்டத்திற்கும் பயன்படாத இறப்பு அது. விடுதலை என்பது நல்ல முடிவுக்கான உறுதியன்று. முடிவு வேறொருவன் கருவியாகாமை மட்டுமே என்பது அதனால் உணர்த்தப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரில் விதி தானே நிறைவேறுவதில்லை. மறைப்பு, வற்புறுத்தப்பட்ட ஒப்புதல், எழுதுபவன் விருப்பம் ஆகியவற்றின் வழியே நிறைவேற்றப்படுகிறது. முன்னறிதல் பொறுப்பை உண்டாக்காதிருக்கலாம். முன்னறிவித்தல் பொறுப்பை உண்டாக்கும். விதியின் பெயரால் ஒப்புதல் கேட்பவன், தன் விருப்பத்திற்கே விதி என்னும் பெயரைச் சூட்டியவன் ஆகிறான். அவ்வொப்புதலை மறுப்பவனும் தன் மறுப்பு யார்மேல் விழும் என்பதை எண்ணக் கடமைப்பட்டவன்.

‘உன் தலையெழுத்து இதுவே’ என்று உழைப்பாளியிடமும் பெண்ணிடமும் ஒடுக்கப்பட்டவனிடமும் காலந்தோறும் சொல்லப்பட்டு வந்துள்ளது. சொன்னவர் பலர் அத்தலையெழுத்தால் பயனடைந்தவர்களே. பேசாத ஊழைக் குறித்து மனிதன் பெரிதும் செய்யக்கூடியது இல்லாதிருக்கலாம். பேசும் விதியிடம், பேசுபவர் யார் என வினவ இயலும். அவ்வினாவிலிருந்தே பொறுப்பு தொடங்குகிறது.