கருணைக்கு வட்டி உண்டா?

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலவில் இருக்கிறது. ஜனவரியில் அங்கே உறைபனி இறங்கினால், விடியும்போது உருளைக்கிழங்குச் செடிகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிக் கிடக்கும். விதைக்கிழங்கு, உரம், மருந்து எல்லாம் பெரும்பாலும் கடனில் வாங்கியவை. பயிர் போய்விட்டது, தவணைத் தேதி போகவில்லை. லாபம் தேடாமல், ஊர் பிழைக்கட்டும் என்று கடன் கொடுத்த சங்கம் அன்று என்ன செய்வது நியாயம்?

கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கலாமா என்ற கேள்வியோடு சமயங்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கின்றன. இஸ்லாம் வட்டியை விலக்கியது. 1462இல் இத்தாலியின் பெரூஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் தூண்டுதலால் ஏழைகளுக்கான அடகு நிதி தொடங்கியது. நடத்தும் செலவுக்குச் சிறு வட்டி வாங்கினால் பாவமா என்று அரை நூற்றாண்டு வாதாடினார்கள்; 1515இல் போப் பத்தாம் லியோ வாங்கலாம் என்றார். தஞ்சையில் ராஜராஜன் காலத்திலேயே பெரிய கோயிலின் காசை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்றன. காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீத வட்டி. அதில்தான் கோயில் காரியங்கள் நடந்தன.

மலையகத்துக்கு வட்டியைவிடக் கொடியது ஒன்று தெரியும். தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிச்செலவே கடனாகி, ஆள் சேர்த்த கங்காணியின் கணக்கில் ஏறியது. தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும்: இவருக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு. புதுத் தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டுவார். அதனால் கடன் தீராது. ஆளோடு சேர்ந்து அதுவும் இடம் மாறும். 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது.

தோட்டத்து லயக் குடியிருப்பில் இருப்பவரிடம் இன்றும் ஈடு வைக்கக் காணி உறுதி இருப்பது அரிது. நகை இல்லையென்றால் அயலார்தான் பிணை. ஜெர்மனியில் ரைஃபைசன் கட்டிய கூட்டுறவுக் கடன் சங்கங்களும் இதே அயலார் நம்பிக்கையில்தான் நின்றன. சென்னை மாகாணத்துக்கு அந்த முறையைப் பரிந்துரைத்தவர் ஃபிரெடரிக் நிக்கல்சன். 1904இல் திரூரில் கடன் சங்கம் பதிவானது. இலங்கையில் 1906இல் கண்டி மாவட்டத்து மெனிக்கின்னவில் முதல் சிக்கன, கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தளர்ந்துபோன அந்த இயக்கத்தை 1978இல் பி. ஏ. கிரிவந்தெனிய 'சணச' என்று மீண்டும் எழுப்பினார். இப்படிப்பட்ட சங்கக் கடனில் ஒரு வீடு கறவைப் பசு வாங்கினால் புல்லறுக்கவும் பால் கொண்டுபோகவும் ஆள் வேண்டும். தோட்டச் சம்பளத்துக்கு வெளியே ஒரு வேலை பிறக்கும்.

ஆனால் பிணை நின்ற அயலாரையே சவுக்காக்கவும் முடியும். நுண்கடன் நிறுவனங்கள் பல அதைத்தான் செய்தன. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும்; கட்டும்வரை வசூலிக்க வந்தவர் வாசலை விட்டு நகரமாட்டார். 2021இல் ஹிங்குராக்கொடவில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தது இந்தக் கொடுமைக்கு எதிராகத்தான்.

அப்படியானால் பனியில் கருகிய கடனைத் தள்ளுபடி செய்துவிடலாமா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. சங்கத்தில் இருப்பது கொழுந்து பறிக்கும் இன்னொருத்தி மகளின் படிப்புக்காகச் சேர்த்த காசு. ஒருவருக்குக் காட்டும் இரக்கத்தை அவள் தலையில் கட்டக்கூடாது. சிறு வட்டிக்கு அறத்தில் இடம் இருப்பது இங்கேதான்: அதில் ஒரு பங்கை நட்டநிதியாக ஒதுக்கினால், பயிர் போன வருடத்தின் தவணையை அடுத்த அறுவடைக்குத் தள்ளலாம், ஒரு பகுதியை அந்த நிதியிலிருந்தே கழிக்கலாம். யார் தோட்டத்தில் பனி விழுந்தது, யார் சாக்குச் சொல்கிறார் என்பதை அங்கத்தவர் கூட்டம் கூடித் தீர்மானிக்கட்டும். கொழும்பில் இருப்பவருக்கு அது தெரியாது; பக்கத்துப் பாத்திக்காரருக்குத் தெரியும்.