கஸ்டோடியன் வீடு

டில்லியின் கரோல் பாக் தமிழர்களுக்குப் பழக்கமான பெயர். வேலை தேடி வடக்கே போன ஒரு தலைமுறை முதலில் அறை எடுத்துத் தங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கரோல் பாகிலிருந்தும் பஹார்கஞ்சிலிருந்தும் சப்ஜி மண்டியிலிருந்தும் 1947 செப்டம்பரில், பிரிவினைக் கலவரத்தில், சில நாட்களுக்குள் முஸ்லிம் குடும்பங்கள் துரத்தப்பட்டன. கொல்லப்பட்டவர்கள் போக, உயிர் தப்பியவர்கள் புரானா கிலாவின் மதில்களுக்குள்ளும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் போய் ஒண்டிக்கொண்டார்கள். அதே வாரங்களில் மேற்குப் பஞ்சாபிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த இந்துக்களும் சீக்கியர்களும் கிங்ஸ்வே முகாமை நிரப்பினார்கள். 1941இல் டில்லியில் மூன்றில் ஒருவர் முஸ்லிம். பத்தே ஆண்டுகளில் அது நூறில் ஆறு பேர் என்ற அளவுக்குச் சுருங்கியது. 1951 கணக்கெடுப்பின்போது நகரில் இருந்த அகதிகள் ஏறத்தாழ 5 லட்சம்.

இந்த இரண்டு கூட்டங்களும் சந்திக்கும் இடம் ஒரு பூட்டிய வீடு. லாகூரிலோ ராவல்பிண்டியிலோ தன் வீட்டை இழந்து, வழியில் உறவுகளைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு மழையில் நிற்கும் ஒருவர் அந்தப் பூட்டைப் பார்க்கிறார். உள்ளே அடுப்பும் கட்டிலும் பாத்திரங்களும் இருக்கின்றன, ஆள் இல்லை. பூட்டை உடைத்து உள்ளே போகிறார். வீட்டுக்காரர் நான்கு மைல் தள்ளி, கோட்டைச் சுவருக்குள் ஒரு துணிக் கூரையின் கீழ் இருக்கிறார். உள்ளே போனவர் செய்தது தவறா?

ஆபத்துக்குப் பாவமில்லை என்பது நம் ஊர்ப் பேச்சு. அதன்படி பார்த்தால் அவர் மேல் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது, சொல்லவும் கூடாது. குழந்தை நனையும்போது பூட்டுக்கு மரியாதை தருவது அறம் ஆகாது. ஆனால் அந்தப் பழமொழி ஆபத்து இருக்கும் வரைக்கும்தான் துணை வரும். மழை நின்ற பிறகு, வேலை கிடைத்த பிறகு, வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது, அதே பழமொழியைச் சொல்லிக் கதவைச் சாத்த முடியாது. தேவை ஒருவருக்கு ஒதுங்க இடம் கேட்கும் உரிமையைத் தருகிறது. அடுத்தவர் வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும் உரிமையைத் தருவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததுதான் அந்த ஆண்டுகளில் நடந்த பெரிய அநீதி. அதைச் செய்தது பூட்டை உடைத்த அகதி அல்ல. அரசு. அதுவும் ஆத்திரத்தில் அல்ல, சட்டம் எழுதி.

அந்தச் சட்டத்தின் கதையைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். வெளியேறியவர்களின் சொத்தைப் பாதுகாக்க ஓர் அதிகாரி அமர்த்தப்பட்டார். கஸ்டோடியன் என்று பெயர். பாதுகாவலர் என்று பொருள். தொடக்கத்தில் வேலையும் அதுதான்: உரிமையாளர் திரும்பி வரும் வரை சொத்து சூறைபோகாமல் பார்த்துக்கொள்வது. ‘வெளியேறியவர்’ யார் என்பதற்கு முதலில் எழுதப்பட்ட விளக்கத்தில் நாட்டைவிட்டுப் போனவர் மட்டும் இல்லை. கலவரத்தாலோ கலவர பயத்தாலோ தன் சொத்தை நேரில் இருந்து பார்த்துக்கொள்ள முடியாதவரும் அதில் அடங்கினார். அதாவது, அதே ஊரில் முகாமில் இருப்பவரும் வெளியேறியவர்தான். 1949 அவசரச் சட்டம் ஒருபடி மேலே போய், ‘வெளியேற எண்ணுகிறவர்’ என்று ஒரு வகையையே உண்டாக்கியது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர், எல்லைக்கு அப்பால் பணம் அனுப்பினார் என்பது போன்ற காரணங்களுக்காக, போகக்கூடியவர் என்று கணக்கில் ஏறினார். நான்கு ஆண்டுகள் பலரையும் தூங்கவிடாமல் செய்த அந்தப் பிரிவு 1953இல் நீக்கப்பட்டது. 1950இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் கஸ்டோடியன் பதவி நிலைபெற்றது. 1954இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் கடைசி ஆணியை அடித்தது: அந்தச் சொத்துகளை மத்திய அரசு எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டதும் பழைய உரிமையாளரின் உரிமை அற்றுப்போகும். அப்படி எடுத்த சொத்துகளைத் திரட்டி, அதிலிருந்து அகதிகளுக்கு இழப்பீடு தரப்பட்டது.

ஏழே ஆண்டுகளில் பாதுகாவலர் என்ற சொல் தலைகீழாகிவிட்டது. காத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்தவர், கடைசியில் அதை எடுத்து வேறொருவருக்குக் கடனடைத்தார். லாகூர்க்காரருக்கு ஈடு செய்ய வேண்டிய கடமை உண்மையானது, அவசரமானது. அந்தக் கடமை இரு நாடுகளின் அரசுகளுடையது. பிரிவினைக்கு ஒப்புக்கொண்ட தலைவர்களுடையது. கரோல் பாக்கின் தையல்காரர் எப்படி அதற்குக் கடன்காரர் ஆனார்?

இதற்குச் சொல்லப்பட்ட பதில் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. இரு பக்கமும் மக்கள் மாறினார்கள், சொத்தும் மாறியது. அங்கே நம்மவர் விட்டது அவர்களுக்கு, இங்கே அவர்கள் விட்டது நம்மவருக்கு என்பது அந்தப் பதில். வயல் விஷயத்தில் இதற்கு இன்னும் வலு அதிகம். வீட்டைப் பூட்டி வைக்கலாம். வயலைப் பூட்டி வைக்க முடியாது. பயிர் நிற்கும்போது ஊர் காலியானால் அறுக்க ஆள் வேண்டும், அறுத்த கையோடு கோதுமை விதைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பஞ்சம். மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டுவந்த நிலம் சுமார் 67 லட்சம் ஏக்கர். கிழக்கில் முஸ்லிம்கள் விட்டுப்போனது சுமார் 47 லட்சம் ஏக்கர். வந்த உழவர் குடும்பங்களுக்கு முதலில் குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் என்று தற்காலிகமாகக் கொடுத்தார்கள். விதைக்கும் மாட்டுக்கும் கடன் கொடுத்தார்கள். பிறகு மண்ணின் தரத்தைப் பார்த்து, அவரவர் இழந்த அளவிலிருந்து படிப்படியாகக் குறைத்துப் பங்கிட்டார்கள். குறைவாக இழந்தவருக்குக் கால் பங்கு வெட்டு. 500 ஏக்கருக்கு மேல் இருந்த பகுதிக்கு 95 விழுக்காடு வெட்டு. நிர்வாகம் என்ற அளவில் இது பெரிய சாதனைதான். கோடிக்கணக்கான வயிறுகளுக்கான சோறு அந்தக் கணக்கில் இருந்தது.

ஆனாலும் நாடுகளின் பேரேட்டில் வரவும் செலவும் நேர்பட்டால், மனிதர்களின் கணக்கு தீர்ந்துவிடுவதில்லை. மேவாத்தைப் பாருங்கள். டில்லிக்குத் தெற்கே, குர்கானிலும் ஆல்வாரிலும் பரத்பூரிலும் பரவிக் கிடந்த மேவ் முஸ்லிம் உழவர்கள் 1947இல் கிராமம் கிராமமாகக் கிளப்பப்பட்டார்கள். பாகிஸ்தான் அவர்களில் பலர் கேட்ட நாடு அல்ல. 1947 டிசம்பர் 19 அன்று காந்தி காசேரா கிராமத்துக்குப் போய், போகாதீர்கள், இது உங்கள் மண் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு வினோபா பாவே அவர்களின் மறுகுடியேற்ற வேலையில் இறங்கினார். திரும்பி வந்தவர் பலரின் வயலில் அதற்குள் வேறொருவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த உழவரின் இழப்பு எந்தப் பரிமாற்றத்தில் சேரும்? எல்லைக்கு அப்பால் அவருக்காக ஒதுக்கிய நிலம் எதுவும் இல்லை. மக்களை மதத்தின் பெயரால் மூட்டையாகக் கட்டி, ஒரு மூட்டைக்கு இன்னொரு மூட்டை என்று எண்ணும்போது, மூட்டைக்குள் இருக்கும் ஆள் எப்போதும் கணக்கில் விட்டுப்போகிறார்.

இதே கணக்கு டில்லியோடு நிற்கவில்லை. 1948இல் பாலஸ்தீனத்தில் 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாயின. ஏழு லட்சம் பேருக்கு மேல் ஊரை இழந்தார்கள். 1950 மார்ச்சில் இஸ்ரேல் ‘இல்லாதவர் சொத்துச் சட்டம்’ கொண்டுவந்தது. அதை எழுதியபோது முன்மாதிரியாக எடுத்துப் பார்க்கப்பட்டவற்றில் இந்தத் துணைக்கண்டத்தின் பிரிவினைச் சட்டங்களும், குறிப்பாகப் பாகிஸ்தானுடையது, இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். கராச்சியிலும் டில்லியிலும் அவசரத்தில் வடித்த சொற்கள் ஜெருசலேமுக்குப் பயணம் போயின. அங்கும் நாட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் ‘இல்லாதவர்’ ஆனார்கள். ‘இருந்தும் இல்லாதவர்’ என்ற பெயரே அவர்களுக்கு விழுந்தது.

லெபனான் எல்லையருகே இக்ரித் என்றொரு கிறிஸ்தவ உழவர் கிராமம். 1948 நவம்பரில் ராணுவம் இரண்டு வாரத்துக்கு என்று சொல்லி அதன் மக்களை வெளியே அனுப்பியது. அவர்கள் எதிர்த்துச் சண்டை போட்டவர்கள் அல்ல. நாட்டைவிட்டும் போகவில்லை, இஸ்ரேலியக் குடிமக்களாகவே ஆனார்கள். 1951 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் ராணுவம் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. தேவாலயம் மட்டும் மிஞ்சியது. பக்கத்துக் கஃபர் பிரிம் கிராமத்துக்கும் 1953 செப்டம்பரில் அதே கதி. வீடு இல்லாமல் ஆக்கிவிட்டால் திரும்பும் பேச்சே எழாது என்ற எண்ணம் அந்த வெடிமருந்தில் இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. காலியான அரபு வீடுகளில் குடியேறியவர்களில் நாஜி முகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்கள் இருந்தார்கள். ஈராக்கைவிட்டுப் போகப் பதிவு செய்த யூதர்களின் சொத்துகளை அந்த அரசு 1951 மார்ச்சில் முடக்கியது. அப்படி வெறுங்கையோடு வந்தவர்களுக்கும் கூரை வேண்டியிருந்தது. கிங்ஸ்வே முகாமில் நின்ற பஞ்சாபியின் நிலைதான் இவர்களுடையதும். அவர்களின் துயரம் மெய். அந்தத் துயரத்துக்குக் காரணமானவர்கள் ஐரோப்பாவிலும் பாக்தாதிலும் இருந்தார்கள். விலை கொடுத்தவர் இக்ரித்தின் உழவர்.

இதையெல்லாம் தமிழில் எழுதும்போது யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போக முடியாது. 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும், சுமார் 75,000 பேரை, வெளியேற்றினார்கள். யாழ் நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறைகளாகத் தமிழே பேசிய அந்த மக்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தின் ஓலைக்கொட்டில்களில் வளர்ந்து பேரப்பிள்ளை கண்டார்கள். அதே ஆண்டில்தான் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பகுதித் தமிழர்கள் போரால் ஊரைவிட்டுப் போய், பிறகு ராணுவ வேலிக்கு வெளியே நின்று தங்கள் செம்மண் தோட்டங்களைப் பார்க்கும் நிலைக்கு ஆளானார்கள். அந்த வலிகாமத்து நிலத்துக்காகக் குரல் கொடுத்த தமிழர், யாழ் முஸ்லிம்களின் சோனகத் தெரு வீடுகளுக்காகவும் அதே குரலில் பேசியிருக்க வேண்டும். சிலர் பேசினார்கள். பெரும்பாலோர் பேசவில்லை. தன் இழப்பை அளக்கும் படியை அடுத்தவர் இழப்பை அளக்கும்போது ஒளித்து வைப்பது, எந்த இனத்துக்கும் பொதுவான பழக்கம் என்பதால் மன்னிக்கத்தக்கதாகிவிடாது.

இலங்கையில் ஒரு நல்ல சட்டமும் வந்தது. பிறர் நிலத்தைப் பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவர் அதைத் தனதாகக் கோரலாம் என்பது அங்கே பழைய விதி. போரால் துரத்தப்பட்டவருக்கு எதிராக அந்தப் பத்தாண்டு ஓடக் கூடாது என்று 2016இல் சிறப்புச் சட்டம் இயற்றினார்கள். 1983 மே முதல் 2009 மே வரை, வர முடியாமல் இருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். நடைமுறையில் அது எத்தனை பேருக்குக் கைகொடுத்தது என்பது வேறு பேச்சு. அதன் அடியில் இருக்கும் எண்ணம் நேரானது: வர விடாமல் தடுத்துவிட்டு, வரவில்லையே என்று குற்றம் சாட்டக் கூடாது.

எழுபது ஆண்டுக்கும் மேலாகிவிட்ட பிறகு என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கரோல் பாக் வீட்டில் இன்று இருப்பவர் பூட்டை உடைத்தவரின் பேத்தியாக இருக்கலாம். அவர் பிறந்தது அங்கே, அவருக்குத் தெரிந்த ஊர் அது ஒன்றுதான். அவரைத் தெருவில் இறக்குவது இன்னொரு 1947. ஆனால் அவரை வெளியேற்றாமலேயே கடனை ஒப்புக்கொள்ள முடியும். இழப்பீடு தருவதற்கு, இறந்தவரை ஊர் மண்ணில் புதைக்க விடுவதற்கு, இடிந்த ஊரின் பெயரை வரைபடத்தில் திரும்ப எழுதுவதற்கு யாரையும் துரத்த வேண்டியதில்லை. இக்ரித்தின் பெரும்பாலான நிலத்தில் இன்று வீடே இல்லை. அங்கே திரும்பி வருபவர் யாரையும் இடம்பெயர்க்கப் போவதில்லை. எங்கே யாருக்கும் புதுத் துன்பம் இல்லாமல் கதவைத் திறக்கலாமோ, அங்கேயும் திறக்காமல் வைப்பதற்குக் காலத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது.

டில்லியில் ஒருமுறை அந்தக் கதவு திறந்தது. 1948 ஜனவரி 13 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். முஸ்லிம்கள் சப்ஜி மண்டியிலும் கரோல் பாகிலும் பஹார்கஞ்சிலும் முன்போல் அச்சமின்றி நடமாட வேண்டும், ஆக்கிரமித்த பள்ளிவாசல்களைத் திருப்பித் தர வேண்டும் என்பவை அவர் கேட்டவற்றில் முக்கியமானவை. அதற்காக அந்தக் குளிரில் பள்ளிவாசல்களைவிட்டு இறங்க நேர்ந்த அகதிக் குடும்பங்கள் இருந்தன. அவர் தங்கியிருந்த பிர்லா இல்லத்து வாசலில் காந்தி சாகட்டும் என்று கத்தியவர்களின் குரலில் அந்தக் குளிரும் இருந்தது. காந்தியின் கோரிக்கை சரி என்பதால் அந்தக் குளிர் குறைந்துவிடாது. அவர்களுக்கு வேறு கூரை தருவது அரசின் வேலையாக இருந்தது. ஜனவரி 18இல் நகரத்தின் தலைவர்கள், அகதிகளின் பிரதிநிதிகள் உட்பட, உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். டில்லியை விட்டுப் போன முஸ்லிம்கள் திரும்பி வர விரும்பினால் தடுக்க மாட்டோம் என்பதும் அதில் இருந்தது. சிலர் அதை நம்பித் திரும்பவும் தொடங்கினார்கள். ஜூலை 19 அன்று, மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து சரியாக ஆறு மாதமும் ஒரு நாளும்.