மணநாள் பரிசாக ஒரு கைக்கடிகாரம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நிகாஹ் நிச்சயமான வீடுகளில் இப்போது புதிதாக ஓர் ஆசையைக் காண்கிறோம். மணமகளுக்குத் தன் கையால் ஒரு கைக்கடிகாரம் பரிசளிக்க வேண்டும், அதில் இருவர் பெயரையும் மண நாளையும் பொறித்துக் கொடுக்க வேண்டும் என்று மணமகன் விரும்புகிறான். மணமகளும் அவ்வாறே தன் கணவருக்குக் கொடுக்க விரும்புகிறாள். வீட்டுப் பெரியவர்களோ, இதெல்லாம் நம் மார்க்கத்தில் ஆகுமா என்று தயங்குகிறார்கள். ஆகும்; ஆனால் அதற்கும் சில வரம்புகள் உண்டு. அவற்றை இங்கே பார்ப்போம்.

அன்பளிப்பு நம் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பிய காரியம். ஒருவருக்கொருவர் அன்பளிப்புச் செய்தால் நேசம் வளரும் என்று கற்றுத் தந்தார்கள். ஆட்டின் குளம்பே ஆனாலும் அன்போடு வந்ததை அற்பமாக எண்ணக் கூடாது என்று பெண்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். அண்டை வீட்டாருக்கே இப்படி என்றால், ஒரே கூரையின் கீழ் காலமெல்லாம் வாழப் போகிறவர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

மணநாள் பரிசு எவ்வளவு கனம் உள்ளது என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சம்பவம் உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் மூத்த மகளார் ஜைனப் (ரலி) அவர்கள் அபுல் ஆஸ் அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டபோது, தாயார் கதீஜா (ரலி) அவர்கள் ஒரு கழுத்தணியைக் கொடுத்து அனுப்பினார்கள். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு நடந்த பத்ருப் போரில் அபுல் ஆஸ் எதிரணியில் நின்று சிறைப்பட்டார். அப்போது அவர் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. அவரை மீட்க மக்காவிலிருந்து ஜைனப் (ரலி) அவர்கள் அனுப்பிய பொருள்களில் அந்தக் கழுத்தணியும் இருந்தது. அதைக் கண்டதும் நாயகம் (ஸல்) அவர்களின் உள்ளம் உருகிவிட்டது. மறைந்த மனைவியின் நினைவு அதில் இருந்ததல்லவா? நீங்கள் சம்மதித்தால் கைதியை விடுவித்து, அவளுடைய பொருளையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று தோழர்களிடம் கேட்டார்கள். தோழர்களும் மனமுவந்து சம்மதித்தார்கள்.

அந்த அணியின் எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு தாய் மனமுவந்து கொடுத்தார். ஒரு மனைவி கணவருக்காக மனமுவந்து இழக்கத் துணிந்தார். பரிசுக்கு உயிர் கொடுப்பது இந்த மனமுவப்புதான்.

இங்கே நம் சமுதாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் பிறகு நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்களுக்கும் கைக்கடிகாரம் எட்டியது. எட்டிய கையோடு அது மாப்பிள்ளைச் சீரிலும் ஏறிவிட்டது. மோதிரம், கைக்கடிகாரம், கோட்டு என்று பட்டியல் போட்டுப் பெண் வீட்டாரிடம் கேட்பது வழக்கமானது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்ததும் அதே 1961-இல்தான்! அந்தச் சட்டம் நம் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. மஹர் பெண்ணுக்குப் போவது. கைக்கூலி பெண்ணிடமிருந்து பறிப்பது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

கடன்பட்டு, வீட்டை அடகு வைத்து, மகளின் வாழ்வு கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு தகப்பன் வாங்கிக் கொடுக்கும் கடிகாரத்தை மாப்பிள்ளை எந்த மனத்தோடு கையில் கட்டுகிறார்? அதில் ‘அன்புடன்’ என்று பொறித்தால் அது உண்மையாகிவிடுமா? மன ஒப்புதல் இல்லாமல் எடுக்கும் பிறர் பொருள் ஆகுமானதல்ல என்பது மார்க்கத்தின் அடிப்படை. ஆகவே முதல் வரம்பு இதுதான்: பரிசு கேட்கப்படாமல் வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டார், ‘எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று வாயால் சொல்லிவிட்டு, கண்ணால் கேட்பதும் கேட்பதுதான்.

இரண்டாவது, மணமகன் கொடுக்கும் கடிகாரம் மஹரா, அன்பளிப்பா என்பதை முன்னதாகவே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விலைமதிப்புள்ள ஆகுமான பொருள் எதுவும் மஹராகலாம். ஷாபிஈ மத்ஹபில் அதற்குக் குறைந்த அளவு இல்லை. ஹனபி மத்ஹபில் பத்துத் திர்ஹம் மதிப்புக்குக் குறையக் கூடாது. ஏழைத் தோழர் ஒருவரிடம் இரும்பு மோதிரமாவது தேடிக் கொண்டுவரும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதையும், அதுவும் கிடைக்காதபோது அவர் அறிந்திருந்த குர்ஆனை முன்னிட்டு மணமுடித்து வைத்ததையும் நாம் கேட்டிருக்கிறோம். அலீ (ரலி) அவர்கள் பாத்திமா (ரலி) அவர்களுக்குத் தம் போர்க்கவசத்தையே மஹராகக் கொடுத்தார்கள். எனவே கடிகாரமும் மஹராகலாம். ஆனால் மஹராக ஒரு தொகையைப் பேசி எழுதிவிட்டு, பின்னால் ‘அதுதான் கடிகாரம் கொடுத்தேனே’ என்று கழித்துக்கொள்வது நேர்மையல்ல.

அன்பளிப்பு என்று கொடுத்துவிட்டால் அது அவளுடைய சொத்து. அதை விற்பதும் வைத்திருப்பதும் அவள் விருப்பம். கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் கொடுத்து ஒப்படைத்த அன்பளிப்பைத் திரும்பப் பெற முடியாது என்பதில் இவ்விரு மத்ஹபுகளும் ஒன்றே. கொடுத்ததைத் திரும்பக் கேட்பவனை, தான் கக்கியதைத் தானே தின்னும் நாய்க்கு ஒப்பிட்டு நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். சிறு பூசல் வந்தவுடன் ‘நான் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தைக் கழற்று’ என்று சொல்லும் நாக்குக்கு இது போதாதா?

மூன்றாவது, பொருளைப் பார்க்க வேண்டும். தங்கம் பெண்களுக்கு ஆகுமானது, ஆண்களுக்கு ஹராம். தோழர் ஒருவர் கையில் தங்க மோதிரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கழற்றி எறிந்தார்கள். பிறகு அதை எடுத்து வேறு வகையில் பயன்படுத்திக்கொள்ளும்படி மற்றவர்கள் சொன்னபோதும், நாயகம் எறிந்ததை நான் எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே மணமகள் தன் கணவருக்குத் தங்கக் கடிகாரம் கொடுக்க வேண்டாம். தங்க முலாம் பூசியதில் சட்ட அறிஞர்கள் பூச்சின் அளவை வைத்துப் பேசுகிறார்கள். சந்தேகமானதை விட்டு விலகுவது பேணுதல். எவர்சில்வர் கடிகாரம் ஒன்று அழகாகவும் இருக்கும், உழைக்கவும் செய்யும், மனத்தில் உறுத்தலும் இராது. வட்டிக்குக் கடன் வாங்கி விலை உயர்ந்ததை வாங்குவதைவிட, கையிலுள்ள காசுக்கு எளியதை வாங்குவதில்தான் பரக்கத் இருக்கிறது.

இனி, பொறிப்பதைப் பற்றிப் பார்ப்போம். எழுத்துப் பொறித்த பொருளை அணிவதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே முன்மாதிரி இருக்கிறது. அந்நிய மன்னர்களுக்கு மடல் எழுத முனைந்தபோது, முத்திரையில்லாத மடலை அவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. உடனே வெள்ளி மோதிரம் ஒன்று செய்து, அதில் தம் பெயரையும் தூதுத்துவத்தையும் மூன்று வரிகளில் பொறிக்கச் செய்தார்கள். அதே வாசகத்தை வேறு யாரும் பொறிக்கக் கூடாதென்றும் உத்தரவிட்டார்கள். அவர்களுக்குப் பின் அம்மோதிரம் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோர் கைகளில் இருந்து உஸ்மான் (ரலி) அவர்களிடம் வந்தது. அவர்கள் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடியும் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டதும், ‘அப்படியானால் கடிகாரத்தில் ஒரு திருவசனம் பொறித்துவிடலாமே’ என்று சிலர் ஆர்வப்படுவார்கள். குறிப்பாக, மணமக்களிடையே அன்பையும் அருளையும் ஏற்படுத்தியதைத் தன் அத்தாட்சியாக அல்லாஹ் கூறும் ரூம் அத்தியாய வசனத்தை விரும்புவார்கள். எண்ணம் நல்லதே. ஆனால் கைக்கடிகாரம் எங்கெல்லாம் போகிறது என்று யோசியுங்கள். கழிப்பிடத்துக்கும் கூடவே போகிறது. பெரும்பாலோர் கட்டுவது இடக்கையில். சுத்தம் செய்வதும் அந்தக் கையால்தான். அல்லாஹ்வின் திருநாமம் உள்ள பொருளுடன் அவ்விடம் செல்வதை நம் சட்ட அறிஞர்கள் மக்ரூஹ் என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கழற்றி வைக்க நினைவிருக்குமா? கழற்றி வைத்த இடம் நினைவிருக்குமா? ஆகவே அந்த வசனத்தை நாவில் ஓதுங்கள், உள்ளத்தில் பதியுங்கள், கடிகாரத்தில் வேண்டாம். அதுபோலவே முகப்பில் மணமக்களின் படத்தைப் பதிப்பதையும் தவிர்த்துக்கொள்வது நல்லது.

பெயர்களில் அல்லாஹ்வின் திருநாமம் கலந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் போன்ற பெயருள்ளவர்கள் முதலெழுத்தை மட்டும் பொறிக்கலாம். ஹிஜ்ரி தேதியையும் ஆங்கிலத் தேதியையும் சேர்த்துப் பொறித்தால், வருங்காலத்தில் பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். வாசகம் வேண்டுமென்றால் தமிழில் இரண்டொரு சொற்கள் போதும். பின்மூடியைக் கழற்றித் தனியாகப் பொறிக்கச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் இயந்திரத்துக்கு அதிர்ச்சி ஆகாது. பொறிப்பதற்கு முன் பெயரையும் தேதியையும் காகிதத்தில் எழுதி இருவரிடமும் காட்டிச் சரிபாருங்கள். பொறித்த எழுத்தை அழிப்பது கடினம்; பொறித்த கடிகாரத்தைக் கடைக்காரர் திரும்ப எடுப்பதும் அரிது.

ஒளுவையும் மறக்கக் கூடாது. முழங்கை வரை கழுவுவது பர்ளு. பட்டை இறுக்கமாக இருந்து அதன் கீழ் நீர் சேராவிட்டால் ஒளு கூடாது, தொழுகையும் கூடாது. எளிதாகக் கழற்றக் கூடிய, அல்லது சற்று நெகிழ்வான பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். நீர் புகாதது என்று 30 மீட்டர் குறிப்புடன் வரும் கடிகாரம், மேலே தெறிக்கும் நீரைத்தான் தாங்கும்; அதோடு நீந்திக் குளிக்க முடியாது. தோல் பட்டையோ நாளுக்கு ஐந்து முறை நனைந்தால் விரைவில் கெட்டுவிடும். கொடுக்கிறவர் இதையெல்லாம் எண்ணிப் பார்த்து வாங்கினால், பெறுகிறவரின் இபாதத்துக்கு உதவியவர் ஆகிறார்.

சகோதரர்களே! நேரம் காட்டும் கருவி முஸ்லிம்களுக்குப் புதியதல்ல. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று திருமறை கூறியதால், நேரத்தைக் கணிப்பதையே ஒரு கலையாக நம் முன்னோர் வளர்த்தார்கள். திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் வக்துக் கணிப்பாளராக இருந்த இப்னு ஷாதிர், கி.பி. 1371 வாக்கில் அதன் மினாராவுக்காகச் சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார். கலீபா ஹாரூன் ரஷீத் அவர்களின் தூதர்கள் கி.பி. 807-இல் பிராங்கியரின் மன்னர் சார்லமேனுக்குக் கொண்டு சென்ற பரிசுகளில், மணிதோறும் உலோகக் குண்டுகள் விழுந்து ஒலிக்கும் நீர்க்கடிகாரமும் இருந்தது. அத்தகைய சமுதாயத்தில் பிறந்த நாம், கையில் கடிகாரம் இருந்தும் அஸரைத் தவறவிடலாமா? மனைவி கொடுத்த கடிகாரத்தைப் பார்த்துக் கணவர் பள்ளிக்குப் புறப்படட்டும். கணவர் கொடுத்த கடிகாரத்தைப் பார்த்து மனைவி சுப்ஹுக்கு வீட்டாரை எழுப்பட்டும்.

இன்னொரு நேரமும் உண்டு. அது துணைக்கு உரிய நேரம். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டாருக்கு ஊழியம் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று பதில் வந்தது. அவர்களுடைய நாளில் இறைவனுக்கும் பங்கு இருந்தது, இல்லத்துக்கும் பங்கு இருந்தது. நம்மிலோ சிலர் மனைவிக்குக் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நள்ளிரவு வரை கடைத்தெருவில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வருகையை எதிர்பார்த்து அவள் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கடிகாரத்தையே!

சபர் சென்ற சகோதரர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். துபாயில் உள்ள கடிகாரம் நம் ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. சவூதியில் இரண்டரை மணி நேரம். அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அவள் ஓய்ந்திருக்கும் வேளை பார்த்துப் பேசுங்கள். கணவர் போருக்குச் சென்ற ஒரு பெண் இரவில் தனிமையில் புலம்பியதைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்தார்கள். பிறகு படைவீரர்கள் சில மாதங்களுக்கு மேல் மனைவியரைப் பிரிந்திருக்கக் கூடாதென்று ஒழுங்கு செய்ததாக வரலாற்றில் காண்கிறோம். பிழைப்புக்காகப் பிரிந்திருப்போரின் சங்கடம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆண்டுகள் கடந்து போவதை அவள் கைக்கடிகாரமும் எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே, மணமக்களே! மனமுவந்து கொடுங்கள், கேட்டு வாங்காதீர்கள். ஆகுமானதைக் கொடுங்கள், அடக்கமாகப் பொறியுங்கள். கொடுத்தபின் அது காட்டும் நேரத்தில் அல்லாஹ்வின் பங்கை அவனுக்கும், துணையின் பங்கைத் துணைக்கும் குறையாமல் கொடுங்கள். பொறித்த எழுத்து நாளாக ஆகத் தேய்ந்துபோகலாம். அல்லாஹ்வை முன்வைத்து நிகாஹில் நாம் கொடுத்த உறுதிமொழி தேய்ந்துபோகக் கூடாது.

வல்ல நாயன் நம் இல்லங்களில் அன்பையும் அருளையும் நிலைக்கச் செய்வானாக! கைக்கூலி என்னும் பழியிலிருந்து நம் சமுதாயத்தைக் காப்பானாக! நமக்குத் தந்த நேரத்தை நன்மையில் செலவிட்டவர்களாக நம்மை எழுப்புவானாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.