எல்லைக் கோடும் சமாதானமும்



தாம் தருகின்ற சமாதானம் உலகம் தருவதைப் போன்றதல்ல என்று, பாடுபடுவதற்கு முந்திய இரவிலே நம் ஆண்டவர் தம் சீடருக்குச் சொன்னார் (அரு. 14:27). அப்படியானால் உலகம் தரும் சமாதானம் எத்தகையது? கடந்த நூற்றாண்டின் வரலாறே இதற்கு விடை கூறும்.

1919ஆம் ஆண்டு யூன் 28ந் திகதி, பிரான்சிலுள்ள வேர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில், முதலாம் உலக மகாயுத்தத்தை முடித்துவைக்கும் ஒப்பந்தத்தில் ஜேர்மனி கையொப்பமிட்டது. பிரான்சை முறியடித்த ஜேர்மனியர் 1871ஆம் ஆண்டு சனவரி 18ந் திகதி தங்கள் பேரரசைப் பிரகடனம் செய்ததும் இதே மண்டபத்திலேதான். மண்டபம் ஒன்று, தலைகுனிந்து நின்றவர்கள் மாத்திரம் மாறினார்கள்.

ஐரோப்பாவின் தேசப்படம் புதிதாக வரையப்பட்டது. அல்சாஸ், லொறேன் பகுதிகள் பிரான்சுக்குத் திரும்பின. 123 வருடங்களாகத் தேசப்படத்திலேயே இல்லாதிருந்த போலந்து மீண்டும் ஒரு நாடாயிற்று. மறு வருடம் திரியானோன் ஒப்பந்தத்தால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. முப்பது இலட்சம் ஹங்கேரியர் வரையில் இருந்த இடத்திலேயே பிறநாட்டுப் பிரசைகளானார்கள். இவையெல்லாம் அநீதி என்று சொல்வதற்கில்லை. போலந்துக்குக் கிடைத்தது நீதியே. ஆனால் கோடுகள் நிலத்திற் கீறப்பட்டனவேயன்றி, உள்ளங்களில் இருந்த பகை அப்படியே விடப்பட்டது.

இதனை அன்றே கண்டவர் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர். யுத்தம் நடக்கும்போதே, 1917 ஆவணி முதலாந் திகதி, போரிடும் நாடுகளின் தலைவர்களுக்குச் சமாதான யோசனைகளை அனுப்பியவர் அவர். அவை ஏற்கப்படவில்லை. சமாதான மகாநாட்டிலும் திருப்பீடத்துக்கு இடமளிக்கப்படவில்லை. 1920ஆம் ஆண்டு பரிசுத்த ஆவியின் திருநாளன்று அவர் வெளியிட்ட சுற்றுமடலில், யுத்தம் ஓய்ந்ததற்கு நன்றி கூறியபின், பகையை விட்டு ஒருவரையொருவர் மன்னியாவிடில் எந்த ஒப்பந்தமும் நிலைக்காது என்று எச்சரித்தார். வேர்சாயில் கையொப்பமிட்டு இருபது ஆண்டுகள் கழிந்ததும், 1939 செப்டெம்பர் முதலாந் திகதி, ஜேர்மன் படைகள் போலந்துக்குள் புகுந்தன.

அந்த இரண்டாம் யுத்தத்தில் ஏறக்குறைய அறுபது இலட்சம் போலந்துப் பிரசைகள் மாண்டனர்; அவர்களிற் பாதிப்பேர் யூத மக்கள். 1945இல் எல்லைகள் மறுபடியும் நகர்ந்தன. போலந்தின் கிழக்குப் பகுதியைச் சோவியத் யூனியன் எடுத்துக்கொண்டது. மேற்கே ஓடர், நைசே ஆறுகள் வரையுள்ள ஜேர்மன் நிலம் போலந்துக்கு வந்தது. இலட்சக்கணக்கான ஜேர்மனியரும் போலந்து மக்களும் சொந்த வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். 1965ஆம் ஆண்டு, இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் முடிவடையும் தறுவாயில், நவம்பர் 18ந் திகதி, போலந்து ஆயர்கள் ஜேர்மன் ஆயர்களுக்கு ஒரு மடல் எழுதினார்கள். அதை எழுதுவதில் முன்னின்றவர் விரோட்ஸ்வாவ் நகரின் பேராயர் கொமினெக் ஆண்டகை. அந்த நகரம் 1945 வரை பிரெஸ்லாவ் என்னும் ஜேர்மன் நகரமாய் இருந்தது. பின்னாளில் பாப்பரசராகிய புனித 2ஆம் அருளப்பர் சின்னப்பரும் அதிற் கையொப்பமிட்டார்.

தம் மக்கள் கொல்லப்பட்டதை அவர்கள் மறைக்கவில்லை. புதிய எல்லை தங்கள் நாட்டுக்கு உயிர்ப்பிரச்சினை என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வெளியேற்றப்பட்ட ஜேர்மனியரின் துயரையும் நினைவுகூர்ந்தார்கள். கடைசியில், தாங்கள் மன்னிப்பதாகவும், தங்களுக்கும் மன்னிப்பு வேண்டுவதாகவும் எழுதினார்கள்.

கம்யூனிஸ்ட் அரசாங்கம் அவர்களைத் துரோகிகள் போலத் தூற்றியது. சொந்த மக்களிலும் பலர் மனம் நொந்தனர். 'அடித்தவன் அவன், மன்னிப்புக் கேட்பது நாமா?' என்ற கேள்வி எழுந்தது. ஜேர்மன் ஆயர்களின் பதிலும் எல்லை விஷயத்தில் தயக்கத்தோடேயே வந்தது. ஆயினும் விதை விழுந்துவிட்டது. 1970இல் மேற்கு ஜேர்மனி அந்த எல்லையை மதிக்க ஒப்புக்கொண்டது; 1990 நவம்பர் 14இல் ஒன்றிணைந்த ஜேர்மனி அதனை உறுதிசெய்தது. மன்னிப்பு முந்தி வந்தது. கையொப்பம் பிந்தி வந்தது.

பிரியமானவர்களே, பலிபீடத்தருகே காணிக்கையோடு நிற்பவனுக்கு ஆண்டவர் சொன்னதை நினைத்துப் பாருங்கள் (மத். 5:23-24). சகோதரன்மேல் உனக்கு மனத்தாங்கல் இருந்தால் என்றல்ல, உன்மேல் அவனுக்கு மனத்தாங்கல் இருந்தால் என்றே சொன்னார். நமக்கு நேர்ந்த கொடுமைகளின் கணக்கு நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. மற்றவனிடமுள்ள கணக்கை எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்த ஒரு நாட்டில் வாழும் நமக்கு இது தூரதேசத்துக் கதையல்ல. உண்மையை மறைத்துச் செய்யும் மன்னிப்பு மன்னிப்பாகாது. ஆயர்கள் தம் மக்களின் இரத்தத்தை மறைக்காமலே மன்னித்தார்கள். ஆனால் மன்னிப்பில்லாத உண்மை அடுத்த தலைமுறைக்குப் பகையை முதுசமாக எழுதிவைக்கும். வேலித் தகராற்றை நீதிமன்றம் தீர்த்துவைத்த பின்னும் முகம் பாராமல் வாழும் அயலவர் நம் பங்குகளிலே இல்லையா? நாடுகளின் சமாதானமும் அந்த வேலியிலிருந்தே தொடங்கவேண்டும்.

இரு மக்களைப் பிரித்த சுவரைத் தம் உடலாலே தகர்த்தவர் கிறிஸ்து (எபே. 2:14). இவ்வாரம் திருப்பலிக்குப் போகுமுன், நம்மேல் மனத்தாங்கல் கொண்ட ஒருவரின் படலையைத் தட்டுவோமாக. சமாதானத்தின் ஆண்டவர் நம்மோடு கூட நடப்பாராக. ஆமென்.